படுவான்கரைக் கைபேசியில் ஒரு வேர்ட் கோப்பு

உன்னிச்சைக் குளத்து நீரை நம்பி விதைக்கும் ஒருவருக்கு, சிறுபோகம் தொடங்குமுன் வட்ஸ்அப்பில் ஒரு கோப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அனுப்பியவர் கமக்காரர் அமைப்பின் செயலாளர். ஆரம்பக் கூட்டத்தின் தீர்மானங்கள், தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்புக்கான கடைசி நாள், கண்டம் கண்டமாக யாருக்கு எத்தனை ஏக்கர், அடியில் பசளைப் பட்டியல். செயலாளரின் மடிக்கணினியில் அது கோடு போட்ட, ஒழுங்கான தமிழ்ப் பட்டியல். வயல்காரரின் கைபேசியில் திறப்பதோ வேறொன்று. ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள், ஓர் அடைப்புக்குறி, மறுபடி ஆங்கில எழுத்துகள். “இதென்ன மனே, இங்கிலீசிலயா அனுப்பியிருக்கான்?” என்று பேரனிடம் நீட்டுகிறார். பேரன் வாசித்துப் பார்க்கிறான். ஆங்கிலமும் இல்லை.

அடுத்த வாரம் இன்னொரு கோப்பு வருகிறது. இதில் தமிழ் தெரிகிறது, பட்டியல்தான் குலைந்திருக்கிறது. ஏக்கர்க் கணக்கு ஒரு வரி கீழே இறங்கி, ஒருவருடைய காணி இன்னொருவர் பெயருக்கு நேரே நிற்கிறது. தண்ணீர் முறை வைத்துப் பாயும் ஊரில் இது சிறிய குழப்பமில்லை.

மட்டக்களப்பு நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்து மேற்கே போனால், வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சை என்று விரியும் படுவான்கரையில், கணினி இல்லாத வீட்டிலும் கைபேசி இருக்கிறது. பிரதேச செயலகத்தின் படிவம், பாடசாலையின் அறிவித்தல், கோயில் நிர்வாக சபையின் கணக்கு எல்லாம் இப்போது அந்தச் சிறிய திரைக்குத்தான் வருகின்றன. ஆகவே மேசைக் கணினிக்கென்று எழுதப்பட்ட அலுவலக மென்பொருள் கைபேசிக்குள் எப்படி வந்தது, வந்தபின் ஏன் சில நேரம் சறுக்குகிறது என்பது பொறியியலாளரோடு நின்றுவிடும் கேள்வி இல்லை. விடையின் பெரும்பகுதி லிப்ரே ஒஃபிஸ் என்ற திறந்த மூல மென்பொருளின் கதைக்குள் இருக்கிறது. திறந்த மூலம் என்றால், மென்பொருளை ஆக்கிய நிரல்வரிகளை யாரும் வாசிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதனால்தான் அதற்குள் என்ன நடக்கிறது என்று ஊகமில்லாமல் சொல்ல முடிகிறது.

முதலில் அந்த ஆங்கிலக் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கைபேசியிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வேர்ட் கோப்பு ஒன்றை எடுத்துப் பிரதி செய்து, பிரதியின் பெயர் வாலில் இருக்கும் டொக்எக்ஸ் என்ற நான்கு எழுத்துகளை அழித்து, ஸிப் என்ற மூன்றெழுத்தைப் போடுங்கள். கோப்பு மேலாளர் அதை ஒரு சுருக்கிய பொதியாகத் திறக்கும். உள்ளே பல சிறு கோப்புகள் கிடக்கும். அவற்றில் ஒன்றில் நீங்கள் தட்டிய சொற்கள், இன்னொன்றில் பாணிகள், வேறொன்றில் எழுத்துருக்களின் பெயர்கள். லிப்ரே ஒஃபிஸின் ஓடிடி கோப்பும் இப்படியான பொதிதான். அதன் வடிவம் 2006இல் ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டது. சொற்கள் இருக்கும் கோப்பைத் திறந்தால் செயலாளரின் ஆவணத்தில் தமிழே இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும். ‘அம்மா’ என்று அவர் தட்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் எழுத்துருவின் பெயர்: பாமினி.

இலங்கையிலும் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நடுவிலும் பாமினியைத் தெரியாத தட்டச்சர் இல்லை. தமிழுக்கென்று கணினியில் இடமே இல்லாத காலத்தில், ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் உருவங்களை வரைந்து வைத்து நம்மை எழுத வைத்த எழுத்துரு அது. அது செய்த தொண்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் கோப்புக்குள் பதிவாவது உருவம் இல்லை, எண். பாமினியில் ‘அ’ தட்டினால் பதிவாவது 109, அதாவது ஆங்கில எம்மின் எண். யுனிகோடில் தட்டினால் 2949. அது உலகில் எந்தக் கருவியிலும் ‘அ’ ஒன்றுக்கே உரிய எண். பாமினி நிறுவாத கைபேசிக்கு 109 என்றால் எம்தான். அதைக் காட்டுகிறது. கைபேசியில் பிழை இல்லை. யுனிகோடை ஏற்ற தமிழ்க் கணினித் தரத்தை இலங்கை எஸ்எல்எஸ் 1326 என்ற இலக்கத்தில் 2008இலேயே வெளியிட்டுவிட்டது. பழைய பழக்கம்தான் இன்னும் விடவில்லை. பாமினிக் கோப்பை யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒருமுறை மாற்றினால் இந்தப் பிரச்சினை முடிந்தது.

இரண்டாவது பிரச்சினைதான் ஆழமானது. யுனிகோடில் சுத்தமாகத் தட்டிய பட்டியல் ஏன் குலைகிறது?

மறுபடி அந்தப் பொதியைப் பாருங்கள். சொற்கள் இருக்கின்றன. எந்தச் சொல்லோடு வரி முடியும், எந்த வரியோடு பக்கம் முடியும் என்பது அதில் எழுதப்படவில்லை. இன்ன எழுத்துரு, 12 புள்ளி அளவு, தாள் ஏ4, ஓரம் இவ்வளவு, அட்டவணையின் முதல் நிரலுக்கு இத்தனை அகலம் என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மென்பொருள் ஒவ்வோர் எழுத்தின் அகலத்தையும் கூட்டிக்கொண்டே போய், இனி இடமில்லை என்ற இடத்தில் வரியை முறித்து, பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. நாம் பார்க்கும் பக்கம் சேமித்து வைத்த ஒன்றல்ல, அந்த நேரத்தில் கணித்து எடுத்த ஒன்று. இந்தக் கணக்கைச் செய்யும் பகுதியைப் பக்கவமைப்பு இயந்திரம் என்று அழைப்போம். இரண்டு வேறு இயந்திரங்கள் ஒரே கட்டளைகளை வாசித்தாலும் விடை நூலளவு மாறும். நூலளவு போதும், ஒரு சொல் கீழே விழும். ஒரு சொல் விழுந்தால் ஒரு வரி கூடும். வரி கூடினால் பட்டியலின் கடைசிப் பெயர் அடுத்த பக்கத்துக்குப் போகும். அட்டவணை போடாமல் ஸ்பேஸ் பட்டையைத் தட்டித் தட்டி நிரை சேர்த்த பட்டியலாக இருந்தால் சொல்லவே வேண்டாம், கணக்கு முழுதும் நகரும்.

ஆகவே கைபேசிக்கென்று புதிதாகச் சின்ன இயந்திரம் ஒன்றை எழுதுவது வீண்வேலை. அது மேசைக் கணினியின் விடையைத் தரவே தராது. பழைய, பெரிய இயந்திரத்தையே கைபேசிக்குள் கொண்டுபோக வேண்டும்.

அந்த இயந்திரத்தின் வயதைக் கேட்டால் வியப்பாக இருக்கும். ஜெர்மனியின் லூனபேர்க் நகரில் மார்க்கோ பேர்ரீஸ் என்ற இளைஞர் 1985இல் தொடங்கிய ஸ்டார்டிவிஷன் நிறுவனத்தின் எழுத்துச் செயலிதான் அதன் வேர். 1999இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் அதை வாங்கியது. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 13ஆம் திகதி நிரல்வரிகள் எல்லாருக்கும் திறந்துவிடப்பட்டு, ஓபன் ஒஃபிஸ் பிறந்தது. சன் நிறுவனம் ஒரக்கிளின் கைக்குப் போனபின், 2010 செப்டெம்பரில், பங்களிப்பாளர்களில் பெரும்பகுதியினர் பிரிந்து டொக்கியூமென்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் கீழ் லிப்ரே ஒஃபிஸைத் தொடங்கினார்கள். அப்போதும் நிரல்வரிகளுக்கிடையே பழைய ஜெர்மன் குறிப்புகள் கிடந்தன. தொண்டர்கள் அவற்றை ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாக ஆங்கிலப்படுத்தினார்கள். பல பத்து இலட்சம் வரிகள். கைபேசி என்ற பொருளையே எண்ணிப்பாராத காலத்தில் எழுதியவை.

2011 ஒக்டோபரில் பாரிஸில் நடந்த லிப்ரே ஒஃபிஸ் மாநாட்டில், அதை அன்ட்ரொய்டுக்கும் ஐபோன், ஐபேடுக்கும் கொண்டுபோகும் முயற்சி அறிவிக்கப்பட்டது. அந்த வேலையின் ஆரம்பச் சுமையைத் தாங்கியவர்களில் முதன்மையானவர் பின்லாந்துக்காரர் டோர் லில்க்விஸ்ட். கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளை விண்டோஸுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. ஓரிடத்து நிரலை இன்னோரிடத்தில் வாழவைப்பது அவருக்குக் கைவந்த கலை.

முதல் தடை சில்லு. மேசைக் கணினியின் சில்லுக்குப் புரியும் கட்டளைகள் வேறு, கைபேசியில் இருக்கும் ஆர்ம் சில்லுக்குப் புரியும் கட்டளைகள் வேறு. மனிதர் எழுதிய நிரல்வரிகளைச் சில்லின் கட்டளைகளாக மாற்றுவதைத் தொகுத்தல் என்கிறோம். இவ்வளவு பெரிய மென்பொருளைக் கைபேசியே தொகுக்க முடியாது. பெரிய கணினியில் உட்கார்ந்து கைபேசிக்கான கட்டளைகளை ஆக்க வேண்டும். இதைக் குறுக்குத் தொகுப்பு என்று சொல்லலாம். லிப்ரே ஒஃபிஸில் இதற்குள் இன்னொரு முடிச்சு உண்டு. தொகுப்பு நடக்கும்போதே அது தனக்கு வேண்டிய சில கருவிகளைத் தானே ஆக்கி, உடனே ஓட்டியும் பார்க்கும். கைபேசிக்காக ஆக்கிய கருவி மேசைக் கணினியில் ஓடாது. ஆகவே கருவிகளை ஒருமுறை மேசைக் கணினிக்காக ஆக்கி, அவற்றின் துணையோடு முழு மென்பொருளையும் இரண்டாம் முறை கைபேசிக்காக ஆக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது தடை காவல். மேசைக் கணினியில் லிப்ரே ஒஃபிஸ் நூற்றுக்கு மேற்பட்ட துணை நூலகங்களாகப் பிரிந்து கிடக்கும். வேண்டும்போது வேண்டியதை எடுத்து ஓட்டும். கைபேசி இதை விரும்பவில்லை. தேவையற்றதைக் கழித்து, மிஞ்சியதை ஒரே பெரிய நூலகமாகப் பிணைத்தார்கள். ஐபோனில் சிக்கல் இன்னும் கடுமை. லிப்ரே ஒஃபிஸின் உறுப்புகள் ஒன்றோடொன்று பேச ஒரு பாலம் இருக்கிறது. அந்தப் பாலம் மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைவகத்தில் சில சில்லுக் கட்டளைகளை எழுதி, எழுதிய கையோடு அவற்றை இயக்கும். இதே தந்திரத்தைத்தான் தீய நிரல்களும் பயன்படுத்தும் என்பதால் அப்பிள் அதைத் தடுத்துவிட்டது. எழுதும் நினைவகம் இயங்கக்கூடாது, இயங்கும் நினைவகத்தில் எழுதக்கூடாது. அதனால் வரக்கூடிய கட்டளைத் துண்டுகளை எல்லாம் முன்கூட்டியே எழுதித் தொகுத்து உள்ளே வைத்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகு இயந்திரம் கைபேசிக்குள் ஓடியது. ஆனால் முகம்?

மேசைக் கணினியின் முகம் என்பது பட்டிகள், பொத்தான்கள், சுட்டியால் மட்டும் தொடக்கூடிய நுண்ணிய அம்புக்குறிகள். 2013இல் ஜப்பானிய நிரலாளர் ஒருவர் ஓபன் ஒஃபிஸை அந்த முகத்தோடேயே அன்ட்ரொய்டுக்குக் கொண்டுவந்தார். அன்ட்ரோபன் ஒஃபிஸ் என்று பெயர். ஏறத்தாழ எல்லா வசதியும் அதில் இருந்தது. தனியொருவர் அதைச் சாதித்தது எனக்கு இன்றும் பெருமதிப்பைத் தருகிறது. ஆனால் விரலின் நுனி சுட்டியின் நுனி இல்லை. நாற்று நட்ட கையால் அந்தச் சிறு பொத்தானைத் தொடப் போனால் பக்கத்துப் பொத்தான் அமுங்கும்.

லிப்ரே ஒஃபிஸ் குழு வேறு வழி போயிற்று. முகத்தையும் இயந்திரத்தையும் வெட்டிப் பிரித்தது. வெட்டிய இடத்தில் லிப்ரே ஒஃபிஸ் கிட் என்ற மெல்லிய இணைப்பை வைத்தது. முகம் கேட்கக்கூடியவை அதில் மிகச் சில: இந்தக் கோப்பைத் திற, ஆவணம் எவ்வளவு நீள அகலம் என்று சொல், இன்ன பகுதியை வரைந்து கொடு, இந்த இடத்தில் இந்த எழுத்தைப் போடு. எந்தப் பகுதி என்பதை அவை ட்விப் என்ற அளவில் பேசிக்கொள்கின்றன. ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப். ஏ4 தாளின் அகலம் 11,906 ட்விப், உயரம் 16,838. திரை சிறிதோ பெரிதோ, தாளின் அளவு மாறுவதில்லை. இந்தச் சிறு தீர்மானம் முக்கியமானது. பக்கம் தாளில் கணிக்கப்படுகிறது, திரையில் இல்லை. அதனால்தான் உன்னிச்சையில் திறந்த கைபேசியும் மட்டக்களப்பு நகரத்து அலுவலக அச்சுப்பொறியும் ஒரே இடத்தில் வரியை முறிக்க முடிகிறது.

இப்போது வரைதல். முழு ஆவணத்தையும் ஒரே படமாக வரைந்து கொடுத்தால் என்ன? கணக்குப் போட்டுப் பார்ப்போம். தெளிவாகத் தெரியும்படி ஏ4 பக்கமொன்றை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வரைந்தால் ஏறத்தாழ 87 இலட்சம் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு பக்கத்துக்கே 35 மெகாபைட் நினைவகம். பத்துப் பக்கத்துக்கு 350. அன்றைய மலிவுக் கைபேசிகளின் மொத்த நினைவகமே 512 மெகாபைட்தான். அதில் தொலைபேசியும் இயங்க வேண்டும்.

ஆகவே ஆவணத்தைச் சதுரங்களாக நறுக்கினார்கள். குறுக்கே 256, நெடுக்கே 256 புள்ளி கொண்ட சிறு சதுரம். இதை ஓடு என்று அழைக்கலாம், தரையில் பதிக்கிறோமே, அந்த ஓடு. ஓர் ஓட்டுக்கு 256 கிலோபைட் போதும். 1080க்கு 2340 புள்ளி உள்ள கைபேசித் திரையை மூட, குறுக்கே 5, நெடுக்கே 10, ஆக 50 ஓடுகள் வேண்டும். ஏறத்தாழ 13 மெகாபைட். ஆவணம் இரண்டு பக்கமோ இருநூறு பக்கமோ, திரையை நிரப்ப ஆகும் செலவு இவ்வளவே. விரலால் தள்ளும்போது கீழிருந்து புதிய ஓடுகள் வரையப்படுகின்றன. மேலே போய்விட்டவை கைவிடப்படுகின்றன.

வயல்வெளியான வட்டை முழுவதற்கும் ஒரே நேரத்தில் யாரும் தண்ணீர் கட்டுவதில்லை. வரம்பு போட்டு வயல்வயலாகப் பிரித்து வைத்திருப்பதால் தேவையான வயலுக்கு வாய்க்கால் வாயை வெட்டிவிடுகிறோம். ஒரு வரம்பு உடைந்தால் அந்த வயலை மட்டும் பார்த்தால் போதும், வட்டையைக் கலைக்க வேண்டியதில்லை. ஓடுகளும் இப்படித்தான் திருத்தப்படுகின்றன. நீங்கள் ‘ஏக்கர்’ என்ற சொல்லில் ஓர் எழுத்தை மாற்றினால், தாளின் இன்ன பகுதி பழசாகிவிட்டது என்று இயந்திரம் முகத்துக்கு ஒரு செய்தி அனுப்பும். அந்தப் பகுதியைத் தொடும் ஓடுகள் மட்டும் மறுபடி வரையப்படும். மாற்றம் ஒரு வரியைக் கூட்டி மிச்சப் பந்திகளைக் கீழே தள்ளினால், கீழே உள்ள ஓடுகளும் பழசாகும். மின்னும் தட்டுக்குறியை மட்டும் ஓட்டில் வரைவதில்லை. அது நிற்கும் இடத்தை இயந்திரம் ட்விப்பில் சொல்ல, முகம் மேலே தனியாக வரைந்துகொள்ளும். அது மின்னும் ஒவ்வொரு தடவையும் ஓட்டைத் திருப்பி வரைந்தால் பற்றரி என்னாவது?

இந்த முறையில் அன்ட்ரொய்டுக்கான முதல் வாசிப்புச் செயலியின் சோதனைப் பதிப்பு 2015 ஜனவரியில் வெளிவந்தது. கொலபோரா, இகாலியா என்ற இரு நிறுவனங்களின் பொறியியலாளர்களும் தொண்டர்களும் சேர்ந்து ஆக்கியது. ஓடுகளைத் திரையில் நகர்த்தும் முகத்துக்கு அவர்கள் புதிதாக நிரல் எழுதி நேரத்தைச் செலவிடவில்லை. அன்ட்ரொய்டுக்கான ஃபயர்ஃபொக்ஸ் உலாவி வலைப்பக்கங்களை இதே பாணியில்தான் காட்டிவந்தது. அதன் நிரலை எடுத்துப் பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு மே மாதம் சிறு திருத்தங்கள் செய்யும் வசதியும் சோதனையாக வந்தது.

அதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. 2015 மார்ச்சில் கொலபோராவும் ஐஸ்வார்ப் என்ற நிறுவனமும் லிப்ரே ஒஃபிஸை வலையுலாவியில் ஓட்டும் திட்டத்தை அறிவித்தன. இயந்திரம் தூரத்துச் சேவையகத்தில், முகம் உலாவியில். நடுவே ஓடுகள் இணையத்தில் பயணிக்க வேண்டும். சதுர ஓடுகளை இழுத்து, பெருப்பித்து, சுருக்கிக் காட்டும் வேலையை உலாவியில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தவை எவை? நிலப்படங்கள். உக்ரெய்ன் நாட்டு விளாடிமிர் அகஃபோன்கின் 2011இல் வெளியிட்ட லீஃப்லெட் என்ற திறந்த மூல நிலப்பட நிரலைக் குழு எடுத்துக்கொண்டது. உன்னிச்சைக் குளத்தைச் செய்மதிப் படத்தில் இரு விரலால் விரித்து, வான்கதவுகள் வரை போய்ப் பார்ப்பதற்கு உதவும் அதே உத்தியால் ஒரு பட்டியலின் மூன்றாம் நிரலை விரித்துப் பார்க்கிறோம்.

உலாவி முகம் நன்றாக முதிர்ந்தபின், கைபேசிக்கென்று ஏன் தனி முகத்தைப் பேண வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. விடை துணிச்சலானது. சேவையகத்தையே கைபேசிக்குள் வைத்துவிட்டார்கள். 2020இல் வந்த கொலபோரா ஒஃபிஸ் செயலியைத் திறந்தால், நீங்கள் தொடுவது செயலிக்குள் பதித்த ஒரு சிறு உலாவியை. அது இணையத்தில் பேசுவதாக எண்ணிக்கொண்டு, அதே கைபேசியின் நினைவகத்தில் ஓடும் இயந்திரத்தோடு பேசுகிறது. ஐபோன் ஒரு செயலி இன்னொன்றைப் பெற்றெடுக்க விடாது. ஆகவே சேவையகத்தில் தனித்தனி நிரல்களாக ஓடியவை இங்கே ஒரே நிரலுக்குள் இழைகளாக ஓடுகின்றன. அவற்றுக்கு நடுவே இருக்கும் வலைத்தொடர்பும் போலித் தொடர்புதான். ஒரு பைட்கூட வெளியே போவதில்லை.

வெளியே போவதில்லை என்பதை அழுத்திச் சொல்கிறேன். பசளைப் பட்டியல் என்றால் வெறும் பெயரும் ஏக்கரும் மட்டுமில்லை. தேசிய அடையாள அட்டை இலக்கம் இருக்கும், வங்கிக் கணக்கிலக்கம் இருக்கும். அதைத் திறந்து பார்க்க முன்பின் தெரியாத ஒரு சேவையகத்துக்கு ஏற்றி இறக்க வேண்டிய தேவை ஏன் வர வேண்டும்? வயல்வெளிக்குள் இறங்கினால் சிக்னல் ஒற்றைக் கோடாகச் சுருங்கும் இடங்களும் உண்டு. இயந்திரம் கையிலேயே இருந்தால் இந்த இரு கவலையும் இல்லை. செயலி பருமனானது, பழைய கைபேசியில் திறக்கக் கொஞ்சம் நேரமெடுக்கும். அந்த விலை கொடுக்கத் தகுந்தது என்றே நினைக்கிறேன்.

ஒரே இயந்திரம்தான் இரண்டிலும் ஓடுகிறது என்பதை நாமே சோதிக்கலாம். ஒரு கோப்பை மடிக்கணினியின் லிப்ரே ஒஃபிஸில் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். அதே கோப்பைக் கைபேசியில் திறந்து பிடிஎஃப் ஆக்குங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வரிகள் ஒத்துப்போனால் சரி. ஒத்துப்போகாவிட்டால், ஆவணத்தின் எழுத்துருவை இரு கருவியிலும் இருக்கும் ஒன்றாக மாற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள். இப்போது ஒத்துப்போனால் குற்றவாளி எழுத்துரு, இயந்திரம் அல்ல. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது எந்த ஆய்வுக்கும் அடிப்படை.

பெரும்பாலும் எழுத்துருதான் மாட்டும். விண்டோஸில் தட்டிய தமிழ் ஆவணம் பல வேளைகளில் லதா என்ற எழுத்துருவில் இருக்கும். அன்ட்ரொய்டில் லதா இல்லை. இருப்பது நோட்டோ. இரண்டிலும் ‘ண’வின் அகலம் ஒன்றல்ல, ‘ஞ’வின் அகலம் ஒன்றல்ல. அகலம் மாறினால் வரி முறியும் இடம் மாறும். ஆங்கிலத்துக்கு இதை அழகாகத் தீர்த்திருக்கிறார்கள். கலிப்ரி என்ற எழுத்துருவின் ஒவ்வோர் எழுத்துக்கும் அச்சொட்டாக அதே அகலம் உள்ள கார்லிட்டோ என்ற இலவச எழுத்துரு லிப்ரே ஒஃபிஸோடு வருகிறது. கேம்ப்ரியாவுக்குக் கலடேயா, ஏரியலுக்கும் டைம்ஸுக்கும் லிபரேஷன். உருவம் சற்று மாறினாலும் வரி மாறாது. லதாவுக்கு அப்படியொரு அளவொத்த எழுத்துருவை அந்தப் பொதியில் யாரும் இன்னும் சேர்க்கவில்லை. தமிழ் எழுத்துரு வரைகலைஞர்கள் முன்வந்து செய்ய வேண்டிய வேலை இது. பட்டியல் குலையும் நோய்க்கு இதைவிட நேரடியான மருந்து எனக்குத் தெரியவில்லை.

அகலத்தைத் தவிர எழுத்தைக் கோர்ப்பதும் உண்டு. ‘கொ’ என்று தட்டினால் கோப்பில் ‘க’ முதலில், ‘ொ’ பின்னால். திரையிலோ கொம்பு ககரத்துக்கு முன்னே வந்து, கால் பின்னே நிற்க வேண்டும். சேமித்த வரிசையைக் கண்ணுக்கு உகந்த வரிசையாக்கும் வேலையை எழுத்துக் கோர்ப்பு எனலாம். முன்பு லிப்ரே ஒஃபிஸ் இதை விண்டோஸில் ஒரு கருவியிடமும், மேக்கில் இன்னொன்றிடமும், லினக்ஸில் வேறொன்றிடமும் ஒப்படைத்திருந்தது. 2017இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து எல்லாத் தளத்திலும் ஹார்ஃப்பஸ் என்ற ஒரே கோர்ப்பியைப் பயன்படுத்துகிறது. அன்ட்ரொய்டும் ஃபயர்ஃபொக்ஸும் குரோமும் பயன்படுத்துவதும் ஹார்ஃப்பஸ்தான். ஆங்கிலம் மட்டும் எழுதுவோர் இந்த மாற்றத்தைக் கவனித்தே இருக்க மாட்டார்கள். தமிழுக்கு அது பெரிய நன்மை.

வாசிப்பதைவிட எழுதுவது கடினம். மேசைக் கணினியின் விசைப்பலகையில் ஒரு விசை அமுங்கினால் ஒரு குறி வரும், அத்தோடு முடிந்தது. கைபேசி விசைப்பலகை அப்படியில்லை. நீங்கள் தட்டும் சொல்லை அரைகுறையாகக் காட்டி, பிறகு முழுச்சொல்லையும் அழித்து, தான் ஊகித்த சொல்லைப் போடும். அதற்குத் தட்டுக்குறிக்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். ஓடுகளாக வரைந்த பக்கத்தில் எழுத்து எங்கே இருக்கிறது? படத்தில் இல்லை, இயந்திரத்துக்குள் இருக்கிறது. ஆகவே முகம் ஒரு மறைவான உரைப்பெட்டியை வைத்து, இயந்திரத்திடமிருந்து பந்தியின் பிரதியை வாங்கி, விசைப்பலகைக்குக் காட்ட வேண்டியிருக்கிறது. தமிழில் அழித்தல் விசையை ஒருமுறை தட்டினால் ‘கி’ முழுதும் போக வேண்டுமா, விசிறி மட்டும் போக வேண்டுமா என்பதில் விசைப்பலகைகளே ஒத்துப்போவதில்லை. உரைப்பெட்டியில் உள்ள பிரதியும் இயந்திரத்துக்குள் உள்ளதும் ஓர் எழுத்தால் விலகினாலும் சொல் சிதையும். கைபேசியில் நீளமான தமிழ்க் கட்டுரை தட்டியவர்கள் இதை அனுபவித்திருப்பார்கள்.

தமிழ் முகம் தானாக வந்ததில்லை. 2000களின் தொடக்கத்தில் முகுந்தராஜ் முதலானோரின் ‘தமிழா!’ குழு ஓபன் ஒஃபிஸின் பட்டிகளைத் தமிழாக்கத் தொடங்கியது. 2005இல் இந்திய அரசின் சி-டாக் நிறுவனம் தமிழ் ஓபன் ஒஃபிஸைக் குறுவட்டில் இலவசமாக வழங்கியது. லிப்ரே ஒஃபிஸின் தமிழாக்கத்தை மலேசியாவின் இளஞ்செழியன் வேணுகோபால் நெடுங்காலம் சுமந்தார். இன்று கைகள் போதவில்லை. கைபேசிச் செயலியின் வளர்ச்சியும் பெரும்பாலும் கொலபோரா என்ற ஒரே நிறுவனத்தின் தோளில் இருக்கிறது. இது பலவீனம்தான். நிரல் திறந்தே கிடப்பதால் அந்த நிறுவனம் விட்டாலும் வேறு கை எடுத்துக்கொள்ளலாம், எடுக்க ஆள் இருக்க வேண்டும்.

நிரல் எழுதத் தெரியாதவருக்கும் இதில் ஒரு வேலை உண்டு. லிப்ரே ஒஃபிஸ் குழு, பிழை முறைப்பாடுகளோடு உலகெங்குமிருந்து வந்த ஆவணங்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. ஓர் இலட்சத்துக்கு மேல். நிரல் மாறிக்கொண்டே இருக்கும்போது, அந்தக் கோப்புகளை எல்லாம் தானியங்கியாகத் திறந்தும் சேமித்தும் பார்த்து, எது உடைகிறது என்று கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் குவியலில் ஜெர்மன் படிவங்களும் பிரெஞ்சு அட்டவணைகளும் ஏராளம். தமிழ் ஆவணம் உடைவது அங்கே தெரிய வேண்டுமானால் தமிழ் ஆவணம் அங்கே இருக்க வேண்டும். குலைந்த பட்டியல் ஒன்று உங்கள் கைபேசிக்கு வந்தால், பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் வங்கிக் கணக்குகளையும் நீக்கி, பதிலுக்குப் பொய்ப்பெயர்கள் போட்டு, மடிக்கணினியில் சரியாகத் தெரியும் படத்தையும் கைபேசியில் குலைந்து தெரியும் படத்தையும் சேர்த்து, அவர்களுடைய பக்ஸில்லா தளத்தில் முறைப்பாடாகப் பதியுங்கள். எந்தக் கைபேசி, அன்ட்ரொய்டின் எந்தப் பதிப்பு, எந்த எழுத்துரு என்பதையும் குறிப்பிடுங்கள். சேர்ந்த கோப்பு பிறகு வரும் சோதனைகளில் மறுபடி மறுபடி திறந்து பார்க்கப்படும்.